ஒரு ஸ்பீக்கர் போதும்

"கண்ணை மூடிக்குங்க மேடம். பாடறவங்க உங்க எதிர்ல, சரியா நடுவுல நிப்பாங்க. வயலின் வலது பக்கம். தபேலா இடது பக்கம். தெரியுதுங்களா?"

தெரியவில்லை. விழுப்புரத்தில் ஒரு டிவி கடையின் மாடியில், சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஏசி அறையில், நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடகி, வயலின், தபேலா, கடைக்காரரின் குரல், கீழே தெருவில் போன பேருந்தின் ஹார்ன், எல்லாமே எனக்கு இடது பக்கத்திலிருந்துதான் வந்தன. என் உலகம் முழுவதும் இடது பக்கத்தில்தான் குடியிருக்கிறது. வலது காது போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"சார், உங்களுக்குத் தெரியுதில்ல?" என்று அவர் என் கணவரிடம் கேட்டார். என் கணவர் பாட்டு கேட்பதே பேருந்தில் டிரைவர் போட்டால்தான். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். கடைக்காரருக்கு அது போதுமாக இருந்தது. அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாங்கப்போவது நான், என் சம்பளத்தில், என் காதுக்காக. பேச்சு மட்டும் என் கணவரோடு.

வாங்கப் போனது ஒரு ஸ்ட்ரீமர். கேசட்டும் கிடையாது, சிடியும் கிடையாது. இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற ஒரு பெட்டி. கையில் இருக்கும் போன் செய்கிற வேலைதான், ஆனால் இது நல்ல தரத்தில் செய்யும். பின்பக்கம் பார்த்தால் வரிசையாக ஓட்டைகள். ஆப்டிகல், கோஆக்ஸியல், யூஎஸ்பி, லேன். கடைக்காரர் ஒவ்வொரு ஓட்டையின் பெருமையையும் என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் கண்ணைத் திறந்து, "இதுல மோனோ இருக்கா?" என்று கேட்டேன். இடது, வலது என்று பிரிந்து வருவதை ஒன்றாகக் கலந்து தருவது மோனோ.

"மோனோவா?" அவர் சிரித்துவிட்டார். "மேடம், அதெல்லாம் அந்தக் காலத்து வால்வு ரேடியோவுல. இது ஹை-எண்டு. பிரியாணி கடையில வந்து கஞ்சி கேக்கறீங்களே."

"கஞ்சி குடிக்கிறவங்களும் காசு குடுத்துதான் குடிக்கிறாங்க. இருக்கா, இல்லியா?"

"யாருமே கேட்டதில்ல மேடம். சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. தெரியாததை மூடி மறைக்கத்தான் அந்தச் சிரிப்பு. அதை நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். சரி என்று அடுத்ததைக் கேட்டேன்.

"எனக்கு ஒரு ஸ்பீக்கர் போதும். அந்த ஒண்ணுலயே ரெண்டு பக்கமும் சேந்து வரணும். அப்படி ஒரு செட்டு குடுங்க."

"ஸ்பீக்கரு ஜோடியாதான் மேடம். ஒத்தச் செருப்பு விக்கிறதில்லையே நாங்க."

எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது என் கணவர் ஏதோ சொன்னார். இடது பக்கம் வந்து மறுபடியும் சொன்னார். "கோச்சிக்காத. வேற கடை பாக்கலாம்." கோபித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? ஒத்தச் செருப்பு என்று அந்தக் கடைக்காரன் சொன்னது ஸ்பீக்கரை. என் காதில் விழுந்தது நான்.

இந்தக் கோபம் அந்தக் கடையில் தொடங்கியதல்ல. அது தொண்ணூற்று மூன்றில் தொடங்கியது.

அப்பா திண்டிவனத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர்களுக்கு மதம் கிடையாது. ஆடி மாதம் அம்மன் பாட்டு பாடும், டிசம்பரில் பாலன் பிறப்பைப் பாடும், நடுவில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கத்தும். விடுமுறை நாட்களில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சிக்கு விழுந்த ஒயரைப் பொறுமையாகப் பிரிக்க எனக்குத்தான் வரும். "பொட்டப் புள்ளைக்கு இன்னா ஒயரு வேல?" என்று யாராவது கேட்டால், "ஏன், ஒயரு ஆம்பளையா பாத்துதான் கரண்டு உடுமா?" என்பார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். அவரை நான் எப்போதும் வெறுத்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மைக் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. டேப் டெக்கிலிருந்து இடது, வலது என்று இரண்டு ஒயர் வெளியே வரும். மைக் செட்டுக்காரர்கள் முதல் வேலையாக இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். குழாய்கள் ஊர் முழுக்கத் தென்னை மரத்திலும் மின் கம்பத்திலும் சிதறித் தொங்கும். எந்தக் குழாய்க்கு அடியில் நின்றாலும் முழுப் பாட்டும் கேட்க வேண்டும், அதற்காக. இதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று தெரியாது. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அப்பா ஒரு புது டெக் வாங்கினார். அதன் முகத்தில் ஒலியின் அளவைக் காட்டும் இரண்டு முள் பக்கத்துப் பக்கத்தில் ஆடும். இரண்டும் ஒரே மாதிரி ஆடுவதில்லை என்பதை நான் கவனித்தேன். ஒரு பக்கம் குரல் வரும்போது அந்த முள் எம்பும், இன்னொரு முள் படுத்திருக்கும். எனக்குப் பதினைந்து வயது. பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. இவ்வளவு அருமையாகப் பிரித்து வைத்ததை இவர்கள் ஏன் முறுக்கிக் கெடுக்கிறார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாதா கோயில் திருவிழா. செப்டம்பர் மாதம். அப்பா மரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார், கீழே டெக்கையும் இரண்டு ஆம்ப்ளியையும் இணைக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். நான் இடது ஒயரை ஒரு ஆம்ப்ளிக்குக் கொடுத்து கோயில் பக்கத்துக் குழாய்களில் விட்டேன். வலது ஒயரை இன்னொரு ஆம்ப்ளிக்குக் கொடுத்து தெருப் பக்கத்துக் குழாய்களில் விட்டேன். ஊரே ஒரு பெரிய அறை, நடுவில் நின்றால் பாட்டு நடுவில் நிற்கும் என்று நினைத்தேன். ஏறக்குறைய அந்த விழுப்புரம் கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை.

போட்ட கேசட்டில் முதல் பாட்டு, வானதூதர் வந்து மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்வது. தூதர் ஒரு அடி பாடுவார், மாதா பதிலுக்கு ஒரு அடி பாடுவார். பதிவு செய்த புண்ணியவான் தூதரை இடது பக்கத்திலும் மாதாவை வலது பக்கத்திலும் நிறுத்தியிருந்தார். கோயில் பக்கம் நின்றவர்களுக்குத் தூதர் மட்டும். அவர் பாடி முடிப்பார், குழாய் சும்மா இருக்கும், மறுபடியும் பாடுவார். தெருப் பக்கம் நின்றவர்களுக்கு மாதா மட்டும். அவர் யாருமே கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயில் கணக்குப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாய்யா செட்டு போட்டுகினு இருக்க? தூதரு கூவிக்கினே இருக்காரு, மாதா வாயே தொறக்க மாட்டேங்குறாங்க!" தேர் இழுக்க வந்திருந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் தெரு ஆட்களும் வந்துவிட்டார்கள். மாதா தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவர்கள் ஒரு புகார்.

அப்பா மரத்திலிருந்து இறங்கினார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"யாரு ஒயரு சேத்தது?"

"நான்தான்பா. ரெண்டு பக்கமும் தனித்தனியா..."

முடிக்கவில்லை. விரித்த உள்ளங்கை அப்படியே வலது காதின் மேல் விழுந்தது. இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் ஏறுகிற ஆளின் கை அது. உள்ளே என்னவோ வெடித்தது. பிறகு கூவென்று ஒரு விசில். மைக்கைக் குழாய்க்கு எதிரே காட்டினால் வருமே, அந்த விசில். மைக்தான் கூவுகிறது என்று நினைத்து நான் ஆம்ப்ளியின் திருகைக் குறைக்கப் போனேன். குறைத்தும் நிற்கவில்லை.

அப்பா என் கண்ணெதிரே இரண்டு ஒயரையும் பல்லால் சீவி முறுக்கினார். "இதான் சேக்கறது. பாத்துக்க." தூதரும் மாதாவும் எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக வந்தார்கள். ஊர் திருப்தியாகத் தேர் இழுக்கப் போனது. நான் ஒயர் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அழுகிற சத்தம் எனக்குப் பாதிதான் கேட்டது.

மறுநாள் தலையணையில் ரத்தம் இருந்தது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் காதில் ஊற்றினார். கிழிந்த செவிப்பறைக்குள் எண்ணெய். சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. அப்புறம்தான் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அடி பட்டுதா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்.

"ஏரியில குளிச்சா டாக்டர். தண்ணி பூந்துடுச்சு."

எனக்கு நீச்சல் தெரியாது. அந்த வருடம் எங்கள் ஊர் ஏரியில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. டாக்டருக்கும் அது தெரிந்திருக்கும், அவரும் அந்த ஊர்தானே. அவர் மருந்து எழுதிக் கொடுத்தார். எதுவும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னார்: "அப்பா அடிச்சாருன்னு சொல்லிக்கினு திரியாத. நாளைக்கு ஒன்ன யாரு கட்டுவா? ஏரின்னா, பாவம் இப்படி ஆயிடுச்சேன்னு உட்ருவாங்க." அவ்வளவுதான், ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. உறவுக்காரர்கள் கேட்கக் கேட்க அதற்குக் கரை முளைத்தது, படித்துறை முளைத்தது, என்னை இழுத்துக் கரையில் போட்ட ஒரு சித்தப்பாகூட முளைத்தார். அம்மா சாகும்வரை ஒரு தடவைகூட உண்மையைச் சொல்லவில்லை. அப்பா மன்னிப்பு கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிதில்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் அடிப்பார்கள், மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னை ஒயர் தொட விடவில்லை. கடைக்குப் போனால், "நீ போய்ப் படி" என்பார். அடித்ததைவிட அது அதிகமாக வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது.

படித்தேன். நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் அலுவலகம், திண்டிவனத்தில் வீடு. கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் மணமகள் மணமகனுக்கு இடது பக்கம் நிற்க வேண்டும். அதாவது அவர் எனக்கு வலது பக்கம். பூசையின் நடுவில் அவர் குனிந்து ஏதோ கேட்டார். நான் அழகாகத் தலையாட்டினேன். கால் வலிக்கிறதா, உட்கார நாற்காலி சொல்லவா என்று கேட்டாராம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஏன் நாற்காலியில் உட்காரவில்லை என்று அடுத்த வாரம் கேட்டபோதுதான் காதைப் பற்றிச் சொன்னேன். எப்படி ஆனது என்றார். ஏரி என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, அப்படிப் பழக்கியிருந்தார்கள். அவர் நல்ல மனிதர். அன்றிலிருந்து என் இடது பக்கமாகவே நடக்கிறார்.

பாட்டை மட்டும் நான் விடவில்லை. கல்லூரி விடுதியில் வாக்மேன் வைத்திருந்தவர்கள், "அந்தப் புல்லாங்குழலைக் கேட்டியா, அந்த ஹம்மிங்கைக் கேட்டியா" என்று உருகுவார்கள். எனக்குப் புல்லாங்குழலே இருக்காது. அது வலது பக்கம் இருந்திருக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் இடது பக்கத்து இயர்போனை இடது காதில் வைத்துக் கேட்பேன். பிறகு டேப்பைத் திருப்பி ஓட்டி, வலது பக்கத்து இயர்போனை அதே காதில் வைத்துக் கேட்பேன். இரண்டையும் மனதுக்குள் ஒட்டிக்கொள்வேன். ஒவ்வொரு பாட்டையும் இப்படி இரண்டு தடவை. வருடக்கணக்காக. என் வயதுப் பெண்கள் பாட்டைக் கேட்டார்கள், நான் பாட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்மார்ட்போன் வந்தபின் ஒருநாள் அலுவலகம் முடிந்து திரும்புகிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பேருந்து நின்றுவிட்டது. போனின் அமைப்புகளைச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: மோனோ ஆடியோ. தொட்டேன். காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அப்படியே விரிந்தது. நான் தைத்து வைத்திருந்த அந்தப் புல்லாங்குழல், பாடும்போதே, அதே இடத்தில், தானாக வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாமா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். அப்படி அழுதிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் பொய். ஆத்திரம். இவ்வளவு வருடமும் இது ஒரு பொத்தான்தானா? அப்பா பல்லால் சீவிச் செய்த அதே முறுக்கு. அவருக்குத் தெரியும். ஒரு ஒயரை எனக்காக முறுக்கிக் கொடுத்திருக்கலாம். விடுதிக்குப் போகும்போது, "இந்தா, இதுல போட்டுக் கேளு" என்று கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால், காது போனது தெரியும் என்று ஆகிவிடும். ஏரியில்தான் காது போனது, அவர் எதற்கு முறுக்க வேண்டும்?

அன்றுதான் முடிவு செய்தேன். இருக்கிற ஒரு காதுக்கு இருப்பதிலேயே நல்லதைக் கொடுப்பது. பேருந்து இயர்போனில் இல்லை, என் வீட்டில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து.

அந்த ஒத்தச் செருப்புக்குப் பிறகு நானே படித்தேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் போகவர, ஸ்ட்ரீமர்களின் கையேடுகளைப் போனில் இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரும்பாலானவற்றில் மோனோ இல்லை. தங்க முலாம் பூசிய முனைகள் இருக்கும், எத்தனையோ விதமான ஓட்டை இருக்கும், ஒரு காது உள்ளவளுக்கு ஒரு பொத்தான் இருக்காது. பாட்டு கேட்கிற எல்லோருக்கும் இரண்டு காது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? கடைசியில் ஒன்று கிடைத்தது. அந்த விழுப்புரம் கடையில் எங்களுக்கு விளக்கிய அதே மாடல். கையேட்டின் பின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

மறுபடியும் போனோம். கடைக்காரர் என் கணவருக்கு வணக்கம் சொன்னார். மோனோதானே, அதற்கும் வழி பண்ணிவிட்டேன் என்றார். ஒரு பக்கம் இரண்டு முனையும் மறுபக்கம் ஒரு முனையும் உள்ள ஒயரை எடுத்து நீட்டினார். "பின்னால ரெண்டு ஓட்டையிலயும் சொருகினா ஒண்ணாயிடும் சார்."

"ஆகாது," என்றேன். "ரெண்டு அவுட்டும் ஒண்ண ஒண்ணு எதிர்த்துத் தள்ளும். ஒரே கதவ ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நின்னு தள்ளற மாதிரி. பழைய டெக்கு தாங்கிச்சு. இவ்ளோ வெலைக்கு விக்கிற இதுல அத நீங்க செய்யச் சொல்லலாமா? மெஷின போடுங்க. செட்டிங்ஸ்ல போங்க. இன்னும் உள்ள. அதுக்கும் உள்ள."

அவர் போனார். "அட, இருக்கு மேடம்!" என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி.

அடுத்து, டிஜிட்டல் பாட்டைக் கேட்கிற ஒலியாக மாற்றத் தனியாக ஒரு டாக் பெட்டி, அதற்குக் கோஆக்ஸியல் ஒயர் என்று ஆரம்பித்தார். ஸ்ட்ரீமருக்குள்ளேயே அந்த வேலை நடக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு? ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோளாறு வருகிற இடம். அது அப்பா கடையில் கற்றது, அதை நான் மறுக்கவில்லை. உள்ளே வர ஒரு லேன் ஒயர், வெளியே போக ஆம்ப்ளிக்கு ஒரே ஒரு ஒயர், இடது பக்கத்து ஓட்டையிலிருந்து. ஸ்பீக்கரை ஜோடியாகத்தான் விற்றார்கள். வாங்கினேன்.

பில் போடும்போது கடைக்காரர் கேட்டார்: "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம். எதுக்கு மோனோ?"

"எனக்கு வலது காது கேக்காது."

அவர் முகத்தில் அந்த இரக்கம் வந்தது. என் கணவர், பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: "சின்ன வயசுல ஏரியில குளிச்சுது. தண்ணி பூந்து..."

ஏரி விழுப்புரம் வரைக்கும் வந்துவிட்டது. நான் பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் அந்தப் பொய்யைக் கொடுத்ததே நான்தான். எந்த வாயிலிருந்து அந்தப் பொய் முதலில் புறப்பட்டதோ, எந்தக் கையை அது மறைத்ததோ, அந்த இரண்டின் மேலும்தான் கோபம்.

வீட்டில் எல்லாம் நானே மாட்டினேன். என் கணவர் சுவரில் ஓட்டை போட்டு லேன் ஒயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இடது ஸ்பீக்கரை நாற்காலிக்கு இடது பக்கம் வைத்தேன். வலது ஸ்பீக்கர் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பழைய போர்வைகள். முதல் பாட்டு முழுசாக வந்தது. எதையும் தைக்க வேண்டியிருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா வந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, கடையை எப்போதோ மூடிவிட்டார், என் தம்பி வீட்டில் இருக்கிறார். என் நாற்காலிக்கு வலது பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்ட்ரீமரைக் குனிந்து பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்தார். ஒயர்களைப் பார்த்ததும் அவர் கண் மின்னியது. அதுவரைக்கும் எனக்குக்கூட நன்றாகத்தான் இருந்தது.

"எதுக்குமா ஒனக்கு இவ்ளோ பெரிய மெஷினு?" என்று சிரித்தார். "ஒத்தக் காதுக்கு ஒரு டிரான்சிஸ்டரு போதாதா?" பிறகு பெருமூச்சு விட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா பண்றது மாப்ள. அன்னிக்கு அந்த ஏரியில எறங்காம இருந்திருந்தா..."

என் எதிரே உட்கார்ந்துகொண்டு. என்னிடமே. அவர் நடிக்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. சொல்லிச் சொல்லி அவருக்கு அது நடந்ததாகவே ஆகிவிட்டது. அவர் மனதில் நான் நனைந்த பாவாடையோடு கரையேறி வருகிறேன். அந்தக் கிராமம் இல்லை, தேர் இல்லை, கை இல்லை. எல்லாவற்றையும் அந்த வற்றிய ஏரியில் கழுவி விட்டுவிட்டார்.

நான் போனை எடுத்தேன். அந்தப் பழைய கேசட்டுப் பாட்டு இப்போது இன்டர்நெட்டில் கிடைக்கிறது. தேடி எடுத்தேன். செட்டிங்ஸில் உள்ளே போய், மோனோவை அணைத்தேன். பாட்டைப் போட்டேன்.

ஒற்றை ஸ்பீக்கரில் தூதர் பாடினார். பாடி முடித்தார். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. மறுபடியும் பாடினார்.

அப்பாவின் தலை நிமிர்ந்தது. எத்தனை வயதானாலும் மைக் செட்டுக்காரர் மைக் செட்டுக்காரர்தானே. கை தானாக ஒயரைத் தேடிப் போனது.

"இன்னாமா, ஒரு பக்கம் வரல. மாதா எங்க? யாரு ஒயரு சேத்தது?"

"நான்தான்பா."

அவர் கை அப்படியே நின்றது. அவருக்கு நினைவு வந்ததை நான் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் வராதுப்பா," என்றேன். "அது நீ அறைஞ்ச பக்கம். ஏரியும் இல்ல, தண்ணியும் இல்ல. ஊரு முன்னால கைய விரிச்சு காதுல அறைஞ்ச. எனக்கு இத்தினி வருஷமா பாட்டு இப்படித்தான் கேக்குது."

என் கணவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்தார். "இப்ப எதுக்குமா அதெல்லாம்," என்றார், தரையைப் பார்த்து. "முடிஞ்சு போனத..."

"முடியல. பாட்டு முடியட்டும். உக்காரு."

என் வாழ்க்கையில் நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் உட்கார்ந்தார். தூதர் பாட, பதில் இல்லை. தூதர் பாட, பதில் இல்லை. கடைசி அடி வரைக்கும் நான் நிறுத்தவில்லை. இடைவெளிகளில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

முடிந்ததும் மோனோவைப் போட்டேன். பாட்டை முதலிலிருந்து வைத்தேன், இந்தத் தடவை எனக்காக. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். தூதர் பாடினார், மாதா பதில் சொன்னார்.

அந்த நேரத்தில் அப்பா ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.